காக்ஸ் எழுதாத வரி

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஓர் அடிக்குறிப்பு இரண்டு ஆண்டுகள் எந்தக் குற்றமும் அறியாதது போல உட்கார்ந்திருந்தது. பாலாற்று மணலில் ஊற்றுக்கால் (மணலுக்கடியில் ஊறும் நீரை எடுத்துச் செல்லும் கால்வாய்) வெட்டிப் பாசனம் செய்த முறையைப் பற்றிய ஒரு பத்தியை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து, அதன் கீழே ‘காக்ஸ், 1881’ என்று எழுதி, பக்க எண்ணும் போட்டிருந்தேன். வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை ஆர்தர் எஃப். காக்ஸ் தொகுத்தார் என்பதும், அது 1881இல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தது என்பதும், எங்கள் பகுதியைப் பற்றி எழுத வருகிறவர்கள் அதைத் தொடாமல் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பத்தி காக்ஸின் நூலில் இருக்கிறதா என்பதுதான் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் எழுதிய ஆய்வேட்டிலிருந்து, அவர் போட்டிருந்த அடிக்குறிப்போடு சேர்த்து அதை நான் எடுத்து வைத்திருந்தேன்.

இந்தத் திருட்டை என் நெறியாளர் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மென்பொருள் கண்டுபிடித்தது என்று சொன்னால் அதுவும் மிகை. அது ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது, அவ்வளவுதான். துணைநூற்பட்டியலைக் கணினியில் ஏற்றுவதற்காக ஜோட்டேரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளைத் திறந்து, ‘நூல்’ என்ற வகையைத் தேர்ந்து, காக்ஸின் பெயரையும் நூலின் தலைப்பையும் தட்டச்சு செய்தேன். அடுத்து வரிசையாகக் கட்டங்கள் நின்றன: தொகுதி, மொத்தத் தொகுதிகள், பதிப்பு, இடம், பதிப்பகம், ஆண்டு. ‘பதிப்பு’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. எத்தனையாவது பதிப்பு? அது ஒரே தொகுதியா, இரண்டா? நூலைக் கையில் எடுத்தவருக்கு முகப்புப் பக்கத்திலேயே விடை இருக்கும். எனக்கு முகப்புப் பக்கமே இல்லை.

அன்றிரவு இணைய ஆவணக் காப்பகத்தில் 1881ஆம் ஆண்டு நூலின் ஒளிவருடலைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்க எண் இருந்தது, பத்தி இல்லை. ஹெரால்டு ஏ. ஸ்டூவர்ட் என்பவர் காக்ஸின் கையேட்டைத் திருத்தி விரிவாக்கி, 1894-95இல் இரண்டு தொகுதிகளாகப் புதிய பதிப்பாகக் கொண்டுவந்தார். பத்தி அதில் இருந்தது. நான் மேற்கோள் காட்டிய சொற்கள் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் பிந்திய ஒரு பதிப்பைச் சேர்ந்தவை. ஊற்றுக்கால்கள் எப்போது தூர்ந்து போயின என்று வாதிடும் ஓர் இயலில் பதினான்கு ஆண்டு என்பது சிறிய பிழை அன்று. முதலில் எழுதியவர் அந்த ஆண்டை எங்கே தவறவிட்டாரோ, அவருக்குப் பின் வந்த நாங்கள் அனைவரும் அதை அப்படியே கையோடு கை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

நான் குடியாத்தத்தில் வளர்ந்தவள். தந்தையார் கைத்தறி நெசவாளர். வேலூரில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்தேன். தொடக்க ஆண்டுகளில் என் குறிப்புகள் அனைத்தும் கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறத்தில் இருந்தன. வழவழப்பான கெட்டி அட்டை, நடுவில் வெட்டினால் இரண்டு குறிப்பட்டை. வீட்டுக்கு வரும் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் செலவும் இல்லை. ஒரு பக்கம் மணமக்கள் பெயரும் முகூர்த்த நேரமும், மறுபக்கம் ஏரிகளின் பெயரும் ஆயக்கட்டின் அளவும் இருக்கும். அட்டைகளை ஒரு செருப்புப் பெட்டியில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதென்றால் விடியற்காலையில் குடியாத்தத்தில் ரயிலேறி, பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்து எழுதி, இரவில் திரும்ப வேண்டும். அப்படி எழுதி வந்த அட்டைகளில், அவசரத்தில் கோப்பு எண்ணை எழுத மறந்தவை இருபதுக்கும் மேல் இருந்தன. அவற்றுக்காக இன்னொரு முறை ரயிலேறினேன். அட்டை ஒன்றும் கேட்காது என்பதுதான் அதன் குறை. எதை எழுதாமல் விட்டோம் என்று அது சொல்வதில்லை.

மென்பொருள்களைப் பற்றி, தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோட்டேரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இருந்த, வரலாற்றையும் புதிய ஊடகத்தையும் சேர்த்து ஆராயும் மையம் ஒன்றிலிருந்து வந்தது. வரலாற்றுக்காரர்கள் உருவாக்கிய கருவி என்பது அதன் கட்டங்களைப் பார்த்தாலே தெரியும். ‘ஆவணக் காப்பகம்’, ‘காப்பகத்தில் இருக்குமிடம்’ என்றெல்லாம் அதில் தனி இடம் உண்டு. இலவசம், மூலநிரல் திறந்தது. தரவுகள் நம் கணினியிலேயே இருக்கும். இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க 300 எம்.பி. வரை பணம் கேட்பதில்லை. மெண்டலே என்பதும் பலர் பயன்படுத்துவதே. அது 2013இல் எல்செவியர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. எண்ட்நோட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. கணிதம், இயற்பியல் படிப்பவர்கள் 1985இலிருந்தே பிப்டெக்ஸ் என்ற வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் ஜோட்டேரோவைத் தேர்ந்ததற்குக் காரணம் கோட்பாடு ஒன்றும் இல்லை. கௌரவ விரிவுரையாளரின் சம்பளத்துக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொண்டேன்.

வேலை செய்யும் முறை எளிது. உலாவியில் ஒரு பொத்தானைச் சேர்த்துக்கொண்டால், நூலகப் பட்டியலிலோ ஆய்விதழின் பக்கத்திலோ இருக்கும்போது அதை அழுத்தினால் போதும். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு எல்லாம் தாமாக வந்து கட்டங்களில் அமரும். நூல்களுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணையோ ஆய்வுக் கட்டுரைகளுக்குரிய டி.ஓ.ஐ. எண்ணையோ கொடுத்தாலும் வரும். பிறகு வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ எழுதும்போது, வேண்டிய இடத்தில் நூலைத் தேர்ந்தால் மேற்கோள் குறிப்பு வந்துவிடும், கடைசியில் பட்டியலும் தானாக அமையும். குறிப்பு எழுதும் நடையை மாற்ற வேண்டுமானால் ஒரு சொடுக்கு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள் நடைகள் இதற்காக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்யும் என் பள்ளித் தோழி, மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டின் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஒரு தேநீர் ஆறுவதற்குள் நாற்பது கட்டுரைகளை ஏற்றிவிடுவாள். அதே மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நான் ஒரு மதியம் முழுவதும் ஏழு நூல்களை ஏற்றியிருக்கிறேன். என் நூல்களில் ஐந்துக்கு ஐ.எஸ்.பி.என். என்ற எண் பிறப்பதற்கு முன்பே வயதாகிவிட்டது.

கட்டங்களோடு என் முதல் சண்டை பெயரில் தொடங்கியது. ஆசிரியர் பெயருக்கு அந்த மென்பொருள் இரண்டு கட்டம் வைத்திருக்கிறது: குடும்பப்பெயர் ஒன்று, தன்பெயர் ஒன்று. நமக்கு இருப்பது தலைப்பெழுத்தும் பெயரும். ராணிப்பேட்டைக்கு அருகிலுள்ள வேலத்தோடும் திருப்பத்தூரோடும் தொடர்புடைய மு. வரதராசனையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் எனக்கு அவர்மீது உரிமை உண்டு. என் சேகரத்தில் ஒரு கட்டத்தில் அவர் ஐந்து பேராக இருந்தார்: மு. வரதராசன், மு. வரதராசனார், டாக்டர் மு.வ., ஆங்கில நூலகப் பட்டியலிலிருந்து வந்த எம். வரதராஜன், முதற்கட்டத்தில் ‘மு’வும் இரண்டாம் கட்டத்தில் ‘வரதராசன்’ என்பதும் தலைகீழாக விழுந்த இன்னொருவர். மென்பொருள் இவர்களை ஐந்து தனித்தனி ஆட்களாகவே மதித்து, பட்டியலில் ஐந்து இடங்களில் நிறுத்தியது. ஒரே நூல் இருமுறை ஏறியிருந்தால் அது கண்டுபிடித்துச் சொல்லும். ஆனால் தமிழ்த் தலைப்பும் ஆங்கில எழுத்தில் எழுதிய அதே தலைப்பும் ஒன்று என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் உட்கார்ந்து, குடும்பப்பெயர்க் கட்டத்தில் ‘வரதராசன்’ என்றும், மற்றதில் ‘மு.’ என்றும் ஒரே சீராக மாற்றினேன். புனைபெயர்களுக்கும் நிறுவனங்களுக்கும் இரண்டு கட்டத்தை ஒன்றாக்கும் வசதி இருக்கிறது. அது இருப்பதே தெரியாமல் முதல் ஆறு மாதம் ஓட்டினேன். விளைவாக, ‘இந்தியா, சென்சஸ் ஆஃப்’ என்று ஒரு மனிதர் என் பட்டியலில் குடியிருந்தார்.

இந்தக் குடும்பப்பெயர்க் கட்டம் என் வீட்டுக்குள்ளும் வந்தது. நான் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பும்போது, ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்று அந்தப் படிவம் பிடிவாதம் பிடித்ததால், அப்பாவின் பெயரை நிரப்பினேன். கட்டுரை வெளிவந்தது. அதை மேற்கோள் காட்டியவர்கள் நியாயமாகவே அப்பாவின் பெயரை மட்டும் எழுதி ஆண்டைப் போட்டார்கள். அதை அவரிடம் காட்டினேன். தறிக்குழியில் கால் வைத்தபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், “இன்னாம்மா இது, எம்பேர போட்டு வெச்சிகிறாங்க? நான் இன்னா எழுதினேன்?” என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என் மூன்று கட்டுரைகளுக்கு ஆசிரியராக இன்றும் இணையத்தில் உலவுகிறார். திருத்த முயலவில்லை. அது ஒன்றும் பொய் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆண்டு என்ற கட்டம் பெயரைவிடக் கடினம். தமிழ் நூல்கள் சிலவற்றின் முகப்பில் திருவள்ளுவர் ஆண்டு மட்டுமே இருக்கும். அதில் 2047 என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்தபடியே ஏற்றிவிட்டேன். இன்னும் அச்சாகாத ஒரு நூலை நான் படித்து மேற்கோள் காட்டியிருப்பதாகப் பட்டியல் அறிவித்தது. 31ஐக் கழித்தால் 2016. பழைய நூல்களில் அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருந்தால் கழித்தலும் உதவாது. வகுப்பில் இதை விளக்க விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டைத்தான் எடுத்துக்கொள்வேன். படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், திருமணத்தில் பொன் வாங்குவதும் கொடுப்பதும் கூடாது, கன்னிகாதானமாகவே நடத்த வேண்டும் என்று தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு அது. சக ஆண்டு 1347, விசுவாவசு வருடம். ஆங்கில ஆண்டுக்கு 1425-26. சரியாகப் பத்துச் சுற்று முடிந்து 2025 சித்திரையில் மீண்டும் விசுவாவசு பிறந்தது. ‘விசுவாவசு’ என்று மட்டும் குறித்து வைத்திருந்தால் அது அறுநூறு ஆண்டுக்கு முந்தியதா, நேற்றையதா என்று எந்த மென்பொருளும் சொல்லாது.

அந்தக் கல்வெட்டைக் கட்டத்துக்குள் எப்படி வைப்பது என்பதும் ஒரு பாடம். ஹுல்ட்ஸ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அது 56ஆம் எண். நூலின் ஆண்டு 1890, கல்லின் ஆண்டு 1425-26. இரண்டில் எதை ‘ஆண்டு’ என்ற கட்டத்தில் போடுவது? ஆசிரியர் ஹுல்ட்ஸா, உடன்பாடு செய்த மகாஜனங்களா? பல முறை மாற்றியபின் நான் வந்து சேர்ந்த வழக்கம் இது: தொகுதியை நூலாக ஒருமுறை ஏற்றி, ஹுல்ட்ஸைப் பதிப்பாசிரியராக வைத்து, மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணுக்குப் பதிலாகக் கல்வெட்டு எண்ணைக் கொடுப்பேன். கல்லின் காலத்தை என் வாக்கியத்திலேயே எழுதிவிடுவேன். கல்வெட்டாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொகுதியையும் எண்ணையும் வைத்தே பேசி வந்திருக்கிறார்கள். அதைக் கருவிக்காக மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதே போலத்தான் ஸ்டூவர்ட்டும். ஆசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பங்களிப்பாளர் என்று பாத்திரங்கள் வைத்திருக்கும் மென்பொருளில் ‘திருத்தியவர்’ என்ற பாத்திரம் இல்லை. காக்ஸை ஆசிரியராகவும் ஸ்டூவர்ட்டைப் பதிப்பாசிரியராகவும் வைத்து, ‘பதிப்பு’ என்ற இடத்தில் ‘ஸ்டூவர்ட் திருத்திய புதிய பதிப்பு’ என்று எழுதினேன். ‘கூடுதல்’ என்ற கட்டத்தில் மூல ஆண்டு 1881 என்றும் சேர்த்தேன். வெளியீட்டு இடத்தை ‘சென்னை’ என்று மாற்றாமல், முகப்புப் பக்கத்தில் இருக்கிறபடி ‘மெட்ராஸ்’ என்றே விட்டேன்.

இடப்பெயர் எங்களுக்குத் தனித் தொல்லை. சித்தூரைத் தலைமையிடமாக வைத்திருந்த பழைய வட ஆற்காட்டிலிருந்து 1911இல் சித்தூர் தனியே போயிற்று. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது; எஞ்சியது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, பின் வேலூர் மாவட்டமாயிற்று. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே காவேரிப்பாக்கம் ஏரியைப் பற்றிய அறிக்கைகளை மாவட்டப் பெயர் வைத்துத் தேடினால், அதே ஏரி ஒரு நூலில் வட ஆற்காட்டிலும், ஒன்றில் வேலூரிலும், புதியதில் ராணிப்பேட்டையிலும் இருக்கும். இதற்கு மென்பொருளின் குறிச்சொல் வசதி உண்மையாகவே கைகொடுத்தது. மாவட்டத்தை விட்டுவிட்டு ஊர், ஏரி, கால்வாய்ப் பெயர்களையே குறிச்சொல்லாக வைத்தேன். அரசாணைகள் எத்தனை வந்தாலும் காவேரிப்பாக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய இயலில் வேறு வகைச் சிக்கல். பாலாற்றுக் கரையின் தோல் கழிவுகளைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்தது. மாசு செய்பவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும், முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டம் படிக்கிறவர்கள் எங்கள் ஊரின் பெயரை அதன் வழியாகத்தான் அறிகிறார்கள். அது எஸ்.சி.சி. என்ற தீர்ப்புத் தொகுப்பில் (1996) 5 எஸ்.சி.சி. 647 என்றும், ஏ.ஐ.ஆர். தொகுப்பில் 1996 எஸ்.சி. 2715 என்றும் இருக்கிறது. வெவ்வேறு நாளில் வெவ்வேறு கட்டுரைகளைப் படித்து ஏற்றியதால், என் பட்டியலில் ஒரே தீர்ப்பு இரண்டு தீர்ப்புகளாக நின்றது. ‘உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகளில் வலியுறுத்தியது’ என்று ஒரு வரியும் எழுதிவிட்டேன். வழக்கு என்ற வகையில் ஒன்றாகச் சேர்த்து, தேதியைச் சரியாகக் கொடுத்தபோதுதான் இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை என்று கண்ணில் பட்டது. அந்த வரியை அடித்தேன்.

இதுவரை சொன்னவை கருவியின் குறைகளும் என் கவனக்குறைவும். இனிச் சொல்வது வேறு. மேற்கோள் நடை என்பது காற்புள்ளி, அரைப்புள்ளி பற்றிய சடங்கு என்றே நான் நினைத்திருந்தேன். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு முதியவரைச் சந்தித்தபின் அந்த எண்ணம் போயிற்று. சிறுவயதில் அவர் தம் தந்தையோடு ஊற்றுக்காலில் மணல் அள்ளப் போனவர். எத்தனை ஆட்கள், எந்த மாதத்தில், எவ்வளவு ஆழம், நீர் முறையை யார் பங்கிட்டார்கள் என்று மூன்று மணி நேரம் சொன்னார். “எழுதிக்கம்மா, எனக்கப்புறம் இத சொல்ல ஆளு கெடையாது” என்று நடுநடுவே நிறுத்தி, நான் எழுதுகிறேனா என்றும் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து ‘நேர்காணல்’ என்ற வகையில் அவர் பெயரையும் நாளையும் ஊரையும் ஏற்றினேன். பட்டியலை எம்.எல்.ஏ. என்ற, மொழி இலக்கியத் துறையினர் பயன்படுத்தும் மேற்கோள் நடையில் எடுத்தபோது அவர் இருந்தார். பல்கலைக்கழகம் கேட்டது ஏ.பி.ஏ. நடை. வாசகர் தேடிச் சென்று மீட்டுப் பார்க்க முடியாத உரையாடல்கள் துணைநூற்பட்டியலில் இடம்பெறுவதில்லை. கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் சொல்லிவிட்டால் போதும் என்பது அந்த நடையின் விதி. உளவியல் துறைக்காகப் பிறந்த நடை. அங்கே அதற்குக் காரணம் இருக்கும். என் பட்டியலில் காக்ஸும் ஸ்டூவர்ட்டும் இருக்க, அந்த ஆற்றில் இறங்கி மணல் அள்ளியவர் மட்டும் இல்லாமல் போனார்.

நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பட்டியலைப் பார்த்துவிட்டு, “விதிய மாத்த வேணாம்மா. பின்னிணைப்புல ‘கள ஆய்வில் தகவல் தந்தோர்’னு ஒரு பட்டியல் போடுங்க. நம்ம நாட்டார் வழக்காற்று ஆய்வுலெல்லாம் அப்படித்தான் போடுவாங்க” என்றார். உண்மைதான், தமிழில் களப்பணி செய்தவர்கள் தகவலாளரின் பெயர், வயது, ஊர், தொழில் எல்லாவற்றையும் பின்னிணைப்பில் தரும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. மென்பொருளில் அதற்கென்று ஒரு தொகுப்பை உண்டாக்கி, அதிலிருந்து மட்டும் தனிப்பட்டியல் எடுத்தேன். கருவியின் இயல்பான வழி அது இல்லை, ஆனால் அது தடுக்கவும் இல்லை.

இதே உத்தி இன்னொரு வழக்கத்துக்கும் உதவியது. தமிழ் ஆய்வேடுகளில் தமிழ் நூல்களை முதலிலும் ஆங்கில நூல்களை அடுத்தும் தனித்தனியாகப் பட்டியலிடுவது மரபு. மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகவே தரும். ஆகவே தமிழுக்கு ஒரு தொகுப்பு, ஆங்கிலத்துக்கு ஒரு தொகுப்பு. நடைக் கோப்பைத் திறந்து சில சொற்களைத் தமிழாக்கியும் கொண்டேன். ‘மற்றும் பிறர்’, ‘ப.’, ‘பக்.’, ‘பதி.’ என்பவற்றை அதற்குரிய இடத்தில் எழுதிச் சேமித்தால் அப்படியே வரும். ஆனால் அந்தச் சொற்கள் ஆவணம் முழுமைக்கும் பொதுவானவை. தமிழ் நூலுக்கு ‘மற்றும் பிறர்’ என்று அழகாக வந்தது, நான்கு ஆங்கிலப் பெயர்களுக்குப் பின்னும் ‘மற்றும் பிறர்’ என்றே வந்தது. அவற்றைக் கடைசியில் கையால் திருத்தினேன்.

அகரவரிசையும் கவனிக்க வேண்டியதே. நம் அகராதி முறையில் புள்ளி வைத்த எழுத்து முதலில் வரும். ‘கண்ணன்’ முன்னும் ‘கணேசன்’ பின்னும் நிற்க வேண்டும். ஒருங்குறியில் (யூனிகோட்) புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பின்னால் இருப்பதால், எண்வரிசையை மட்டும் பார்க்கும் மென்பொருளில் கணேசன் முந்திக்கொள்வார். எழுத்துகளின் உள்ளமைப்பு இன்னும் நுட்பமாக ஏமாற்றும். ‘கொ’ என்பதன் துணையெழுத்தை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காத தேடலில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருவில் உருவான பி.டி.எஃப். கோப்பிலிருந்து தலைப்பை நகலெடுத்து ஒட்டினால், தலைப்பு ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கூளமாக வரும். பழைய தமிழ் ஆய்வேடுகளின் தலைப்புகளைப் பெரும்பாலும் நான் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

எழுத்துரு என்றதும் அச்சுக் கடை நினைவுக்கு வருகிறது. ஆய்வேட்டை வடிவமைக்க வேலூரில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்தேன். கடைத் தம்பி கெட்டிக்காரர், ஆனால் அவருடைய வழக்கம் எல்லாவற்றையும் தம்முடைய பழைய எழுத்துருவுக்கு மாற்றி, வேறொரு மென்பொருளில் ஊற்றிப் பக்கம் கட்டுவது. வேர்டு கோப்பில் என் மேற்கோள்கள் ஜோட்டேரோவோடு இணைந்த, உயிருள்ள புலங்களாக இருந்தன. மாற்றியதும் சில இடங்களில் அடிக்குறிப்பே காணாமல் போயிற்று, சில இடங்களில் எண் மட்டும் நின்றது. “அக்கா, கீழ இருந்ததெல்லாம் எதுக்குனு நெனச்சேன், பக்கம் கொறையுதுன்னு விட்டுட்டேன்” என்றார். நானூற்று எழுபது அடிக்குறிப்புகள். குறை என்னுடையதும்தான். மேற்கோள் இணைப்பைத் துண்டித்து வெறும் எழுத்தாக்கிய ஒரு நகலைக் கடைக்குக் கொடுத்து, உயிருள்ள கோப்பை என்னிடமே வைத்திருக்க வேண்டும் என்பது அதன் பிறகு தெரிந்தது. கடைசியில் ஒருங்குறியிலேயே, வேர்டிலேயே பக்கம் கட்டி நானே முடித்தேன். அழகு சற்றுக் குறைவு.

என் மாணவர்களுக்கு இப்போது இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுக்கு மேற்கோள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது, எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் காட்டும் சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை என்கிறது. அந்தப் பத்துக்குள் வருவது எப்படி என்பதே கேள்வியாகிவிட்டது. அடிக்குறிப்பு எதற்கு என்று கேட்டால், “மென்பொருள்ல மாட்டாம இருக்க, மேடம்” என்று ஒரு மாணவர் நேர்மையாகவே சொன்னார். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்டு வாங்கிவரும் பட்டியல்கள் இன்னொரு வகை: ஆசிரியர், ஆய்விதழ், ஆண்டு, டி.ஓ.ஐ. எண் எல்லாம் ஒழுங்காக இருக்கும், கட்டுரைதான் உலகில் இருக்காது. அந்த எண்ணை ஜோட்டேரோவில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஒன்றும் வராது, அல்லது சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று வந்து நிற்கும். வகுப்பில் சிரிப்பு எழும். அந்த நேரத்தில் நான் காக்ஸின் கதையைச் சொல்லிவிடுவேன். இயந்திரம் இல்லாமலே இல்லாத பக்கத்தைக் காட்டியவள் அவர்கள் முன்னால் நிற்கிறாள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

காக்ஸுக்குப் பிறகு நான் செய்த ஒரே மாற்றம் சிறியது. மென்பொருளில் குறிச்சொற்களுக்கு நிறம் கொடுக்கலாம். ‘பார்த்தேன்’ என்பதற்குப் பச்சையும், ‘பார்க்கவில்லை’ என்பதற்குச் சிவப்பும் கொடுத்து, முகப்புப் பக்கத்தையும் மேற்கோள் காட்டும் பக்கத்தையும் என் கண்ணால் கண்ட நூலுக்கே பச்சை வைப்பது என்று முடிவு செய்தேன். பட்டியல் முழுவதையும் அப்படிச் சலித்த முதல் நாள், முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளில் நாற்பத்தொன்று சிவப்பு. எட்டு மாதங்கள் அவற்றைத் துரத்தினேன். சில இணையத்தில் ஒளிவருடலாகக் கிடைத்தன, சில தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருந்தன, சிலவற்றுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் படிப்பறையில் உட்கார்ந்தேன். நான்கில், முன்னவர்கள் காட்டிய பக்கத்தில் அந்தச் செய்தி இல்லை. அந்த நான்கையும் அவற்றைச் சார்ந்த வாக்கியங்களோடு சேர்த்து நீக்கினேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளில் ஆறு சிவப்பு மீதமிருந்தது. அவற்றை அடிக்குறிப்பில், யாருடைய ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தில் பார்த்தேனோ அதைக் குறித்து, ‘மேற்கோள்வழி’ என்றே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த ஆறையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டு, ஏன் இவற்றை நேரில் பார்க்கவில்லை என்று கேட்டார். கிடைக்கவில்லை, ஐயா என்றேன். அவற்றில் ஒன்று தம் வீட்டில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். இப்போது சிவப்பு ஐந்து.